தூறல் சேராத கணக்கு

பதினான்கு மணி நேரம் ஓடும் கணக்கு பதினொரு நிமிடத்தில் முடிந்தது. கயல்விழி நம்பவில்லை. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பதினொரு நிமிடம்.

"டீ சொல்லிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சே. இனிமே வேலை செய்யிற மாதிரி எப்படி நடிக்கிறது?" என்றான் லியோ.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு மாடி அறை. இரண்டு மேசை, மூன்று கணினி, சுவரில் டெல்டாவின் வாய்க்கால் வரைபடம். ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் அவர்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து 'சமவெளி'யைப் பராமரித்து வந்தார்கள். சமவெளி ஒரு மென்பொருள் நூலகம். தட்டையான நிலத்தில் மழைநீர் எப்படிப் பரவும், எங்கே தேங்கும், எத்தனை நாளில் வடியும் என்று கணக்கிடும் நிரல்களின் தொகுப்பு. எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் இலவசமாக எடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். மலையிலிருந்து இறங்கும் ஆறுகளுக்குக் கணக்குப் போட எத்தனையோ நூலகங்கள் இருந்தன. மைலுக்கு ஒரு சாண் மட்டுமே சரியும் பூமிக்கு இது ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது.

குறை ஒன்றே ஒன்று. வேகம் இல்லை. வயல் மூழ்கிய மறுநாள் காலையில் வந்து, வயல் மூழ்கும் என்று சொல்லும் கணக்கால் யாருக்கு என்ன பயன்?

அதனால்தான் ஜி.பி.யூ. விளையாட்டுக் கணினிகளில் படம் காட்டப் போடுகிற அட்டை. சாதாரணக் கணினி ஒற்றை ஆளாக வயல் முழுவதையும் நட்டு முடிப்பது போல வேலை செய்யும். இந்த அட்டையோ ஆயிரக்கணக்கான பெண்களை ஒரே வரிசையில் இறக்கிவிட்ட மாதிரி. ஆளுக்கு ஒரு கட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில். ஆனால் வேலையை அந்த வரிசைக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுக்க வேண்டும். பழைய நிரலைப் பிரித்து எழுத கயல்விழிக்கு எட்டு மாதம் ஆயிற்று.

கடைசியாக ஒரு முட்டுக்கட்டை வந்தது. பதினைந்து இலக்க எண்களைக் கொடுத்தால் அவர்களிடம் இருந்த பழைய அட்டை திணறியது. ஏழு இலக்கத்தோடு நிறுத்தினால் பறந்தது. கயல்விழி ஏழு இலக்கத்துக்கு மாற்றினாள்.

"ஏழு போதுமா?" என்று கேட்டான் லியோ. அவள் எழுதியதைச் சரிபார்த்துச் சேர்க்க வேண்டியவன் அவன்.

"நிஷா புயல் மழையை ஓட்டிப் பாத்துட்டேன். பழைய கணக்குக்கும் இதுக்கும் அரை விரக்கடைதான் வித்தியாசம்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. இரண்டாயிரத்து எட்டில் நிஷா புயல் வந்தபோது கயல்விழி பள்ளிக்கூட மாடியில் மூன்று நாள் இருந்தவள். லியோ திருக்காட்டுப்பள்ளியில் மாதா கோயிலுக்குள் பாய் விரித்துப் படுத்தவன். வெள்ளம் என்றால் இருவருக்கும் அதுதான் வெள்ளம். அதைச் சரியாகச் சொல்லிவிட்ட கணக்கு வேறு எதைத் தவறவிடும்? அவன் 'சரி' என்று குறித்துச் சேர்த்துவிட்டான்.

கயல்விழியின் அப்பா வைரக்கண்ணுவுக்கு ஆலத்திடலில் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அவருடைய அப்பா காலம்வரை ஊரின் பெரிய நிலக்காரர் குஞ்சிதபாதம் வீட்டுப் பண்ணையில்தான் வேலை. வைரக்கண்ணுவும் பதினேழு வயதுவரை அங்கே மாடு ஓட்டியவர். பிறகு வெளியூர் போய்க் கொத்தனார் வேலை பார்த்து, திரும்பி வந்து நிலம் வாங்கினார். பள்ளத்து நிலம். மேட்டு வயலைக் கீழத்தெருக்காரனுக்கு யாரும் விற்கவில்லை. கீழத்தெருவில் நிலம் வைத்திருந்த பதினொரு குடும்பத்துக்கும் அந்தப் பள்ளத்தில்தான் வயல்.

கயல்விழி முதலில் ஆலத்திடலுக்குத்தான் கணக்கு ஓட்டினாள். அப்பாவுக்குப் படிப்பு பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் என்பதால் எண்களை எடுத்துவிட்டு வண்ணம் போட்டாள். பச்சை என்றால் தண்ணீர் ஒரு நாளில் வடியும். மஞ்சள் என்றால் மூன்று நாள். சிவப்பு என்றால் அதற்கு மேல். தினமும் காலையில் வரைபடம் அவருடைய ஃபோனுக்கு வந்துவிடும்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நான்கு முறை கொட்டித் தீர்த்தது. நான்கு முறையும் வரைபடம் சொன்னபடியே நடந்தது. மதகுப் பலகையை இன்றைக்கே தூக்குங்கள் என்று வைரக்கண்ணு சொன்னபோது முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாவது தடவை பாதிப் பேர் போனார்கள். நான்காவது தடவை அவர் சொல்லட்டும் என்று டீக்கடையில் காத்திருந்தார்கள்.

ஒருநாள் குஞ்சிதபாதமே கீழத்தெருவுக்கு வந்தார். அறுபது ஆண்டுகளில் அவர் வைரக்கண்ணு வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வைரக்கண்ணுவையும் உட்காரச் சொல்லி, தன் இருபது ஏக்கருக்கும் என்ன வண்ணம் என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்று மாலை அம்மா காளியம்மாள் கயல்விழிக்கு ஃபோன் செய்தாள்.

"ஒங்கப்பாவ 'நீங்க, வாங்க'ன்னு பேசினாருடி. நான் வாசல் கூட்டிக்கிட்டிருந்தேன். வெளக்குமாறு கையிலயே நின்னுபோச்சு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்றது. அவரு போனப்புறம் சட்டைய மாட்டிக்கிட்டுக் கடைத்தெருப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்தாரு. ஒண்ணும் வாங்கல. சும்மா."

தை பிறந்து பத்து நாள். சம்பா பழுத்துச் சாய நின்றது. ஆலத்திடலுக்கு ஓர் அறுவடை மெஷின் வந்தது. இரண்டு நாள்தான் இருக்கும். பிறகு நன்னிலம் பக்கம் போய்விடும். எப்போதும்போல் சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். முதலில் அறுக்கும் முறை பள்ளத்து வயல்களுக்கு விழுந்தது.

இன்னும் இரண்டு நாளில் தொடங்கி மூன்று நாள் மிதமான மழை என்று அன்று காலையில் வானிலை அறிவிப்பு வந்தது. பள்ளத்து நெல்லில் ஈரம் அதிகம். அப்படியே அறுத்துக் கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னும் ஒரு வாரம் நின்றால் நல்லது, தண்ணீர் மட்டும் தேங்காமல் இருந்தால். எல்லோரும் வைரக்கண்ணுவைத் தேடி வந்தார்கள். அவர் ஃபோனைப் பார்த்தார். பள்ளம் முழுவதும் பச்சை.

பச்சையாக இருந்தும் அவர் உடனே சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் மகளுக்கு ஃபோன் செய்தார்.

"கயலு, மூணு நாள் மழைங்கறாங்க. பள்ளம் பூரா பச்சை காட்டுது. மெஷினை மேட்டுக்கு விட்டுட்டு நாம பொறுத்து ஆள் வச்சு அறுக்கலாமான்னு கேக்குறாங்க."

கயல்விழி மறுபடி ஒரு தடவை ஓட்டினாள். பதினொரு நிமிடம். பச்சை. கோடையில்தான் வடிகாலைத் தூர் வாரியிருந்தார்கள். புதிய ஆழத்தை அளந்து கணக்கில் சேர்த்தவளே அவள்தான். இந்தப் பச்சையில் அவளுக்குச் சந்தேகம் எழவில்லை.

"தண்ணி நிக்காதுப்பா."

"நான் சொல்லிடலாமா?"

"சொல்லுங்க."

அவர் சொன்னார். பதினொரு குடும்பமும் முறையை விட்டுக்கொடுத்தது. மெஷின் மேட்டுக்குப் போய் இரண்டு நாளில் குஞ்சிதபாதத்தின் இருபது ஏக்கரையும் பக்கத்து வயல்களையும் அறுத்துத் தள்ளிவிட்டு ஊரைவிட்டுப் போயிற்று.

அதன் பிறகு மழை பிடித்தது. காற்று இல்லை, இடி இல்லை. குடை இல்லாமல் கடைக்குப் போய் வரலாம் போல ஒரு தூறல். ஆனால் நிற்கவே இல்லை. மூன்று பகல், மூன்று ராத்திரி. நான்காம் நாள் காலையில் அப்பாவின் ஃபோன் வந்தது. குரலில் பதற்றம் ஏதும் இல்லை.

"கயலு, ஃபோன்ல இப்பவும் பச்சையாத்தான் இருக்கு. வயல்ல முழங்கால் தண்ணி நிக்குது. பயிர் படுத்துருச்சு."

அவள் பதில் சொல்லுமுன் லியோ பழைய நிரலைத் திறந்துவிட்டிருந்தான். ஜி.பி.யூ. இல்லாமல், பதினைந்து இலக்கத்தோடு, அதே மழை, அதே நிலம். பதினான்கு மணி நேரம் ஓடியது. மறுநாள் காலை அவர்கள் அறைக்கு வந்தபோது திரையில் ஆலத்திடல் பள்ளம் முழுவதும் சிவப்பாக இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தண்ணீர் மட்டத்தைக் கடலிலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்றுதான் நிரல் வைத்துக்கொள்ளும். ஆலத்திடலில் நான்கு மீட்டர் சொச்சம். ஒரு நொடிக்கு இருபது முறை, அந்த நேரத்தில் பெய்த மழையை அதோடு கூட்டும். புயல் மழை பெருமழை. ஒவ்வொரு முறையும் ஏழாவது இலக்கத்தைத் தொட்டுவிடும். தூறல் எட்டாவது இலக்கத்துக்குத்தான் வரும். எட்டாவது இலக்கமே இல்லாத இடத்தில் அதைக் கூட்டினால் பழைய எண்ணே திரும்ப வரும். மூன்று நாளில் ஐம்பது லட்சம் முறை கூட்டியிருந்தது. ஒரு முறைகூடச் சேரவில்லை. ஆலத்திடலில் மழையே பெய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு கணக்கு முடிந்திருந்தது.

"நிஷாவை மட்டுந்தானே ஓட்டிப் பாத்தோம்," என்றாள் கயல்விழி.

நான் அன்றைக்கே கேட்டேனே என்று லியோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரின்னு குறிச்சது நான். அதுல என் பேருதான் இருக்கு," என்றான்.

திருத்தம் நான்கே வரி. சிறு துளிகளைத் தனியே சேர்த்து வைத்து, போதுமான அளவு ஆனதும் மட்டத்தோடு கூட்டச் சொல்லும் நான்கு வரி. கயல்விழி எழுதினாள், லியோ தூறலையும் புயலையும் ஓட்டிப் பார்த்துச் சேர்த்தான். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம்தான் கூடுதல். பிழை என்ன, யாரால் வந்தது என்று நூலகத்தின் பக்கத்தில் எழுதிப் போட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

கொள்முதல் நிலையத்துக் களத்தில் கூட்டம். மழை விட்டிருந்தது. யாரோ பள்ளத்திலிருந்து ஒரு பிடி கதிர் பிடுங்கி வந்து சிமெண்டுத் தரையில் போட்டிருந்தார்கள். நெல்மணிகளின் நுனியில் வெள்ளை வெள்ளையாய் முளை விட்டிருந்தது. கூட்டத்தின் நடுவே வைரக்கண்ணு துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"மக மேல ஒரு தப்பும் இல்ல. அது செவப்புதான் போட்டு அனுப்பியிருந்துச்சு. எனக்குத்தான் கண்ணு மங்கல். வெயில்ல வச்சுப் பாத்தேன், பச்சையாத் தெரிஞ்சுச்சு. சொல்லிப்புட்டேன்."

கயல்விழி அப்படியே நின்றுவிட்டாள். அப்பா பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

நீலாம்பாள் பக்கத்து வயல்காரி. புருஷன் இல்லை. மூன்று மா நிலத்தை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவள். குனிந்து அந்தக் கதிரை எடுத்தாள்.

"மேட்டு நெல்லு மணி குறையாம வீடு போய்ச் சேந்துருச்சு. நம்ம நெல்லு கதிர்லயே முளைக்குது. கண்ணு மங்கலாம்ல. பழைய பண்ணை வயலு மட்டும் அண்ணனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

யாரும் அவளை அடக்கவில்லை. வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

கயல்விழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "அத்தை, அப்பா சொல்றது பொய். அவருக்குப் பச்சைதான் வந்துச்சு. எனக்கே பச்சைதான் வந்துச்சு. சொல்லுங்கன்னு சொன்னது நான்." அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து அந்த நாளின் வரைபடத்தைத் தேடித் திறந்து எல்லோருக்கும் காட்டினாள். பச்சை. பிறகு கணக்கு எங்கே தவறியது என்பதைத் தனக்குத் தெரிந்த எளிமையான வார்த்தைகளில் சொன்னாள். களத்தில் நின்று சொல்வதால் நெல்லை வைத்தே சொன்னாள். மூட்டை பிடிக்கும்போது ஒரு மணி நெல்லை யாரும் கணக்கில் வைப்பதில்லை; அப்படி ஐம்பது லட்சம் மணியைக் கணினி விட்டுவிட்டது என்றாள்.

"ஒரு நெல்லு கீழ விழுந்தாலும் நான் குனிஞ்சு எடுப்பேன் கயலு," என்றாள் நீலாம்பாள்.

குஞ்சிதபாதம் ஃபோனை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"இதை நீ வர்ற வழியில மாத்தி வச்சிருக்கலாம்மா. நான் தப்பாச் சொல்லல. பெத்தவனைக் காப்பாத்த நினைக்கிறே, நல்ல பொண்ணு. ஆனா மூணு நாள் பெஞ்ச மழையைக் கம்ப்யூட்டர் பாக்காம விட்டுருச்சுன்னா எப்படி நம்புறது? கார்த்திகையில நாலு தடவை புட்டுப் புட்டு வச்ச கம்ப்யூட்டர். படிக்காத மனுஷன், கண்ணு வேற தெரியல. நாமதான் அவன்கிட்டக் கேட்டிருக்கக் கூடாது."

'அவன்' என்ற சொல் வந்து விழுந்ததை வேறு யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கயல்விழி இன்னும் ஒரு தடவை, இன்னும் உரக்க, முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் அப்பாவைக் காப்பாற்றத்தான் பேசுகிறாள் என்பது அவர்களுக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. சில பெண்கள் அவளை ஆறுதலாகத் தட்டிக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். காளியம்மாள் சோறு போட்டு வைத்திருந்தாள். வைரக்கண்ணு கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீ தப்புன்னு ஆனா நாளைக்கு ஒன் படத்தை யாரும் பாக்க மாட்டாங்க. அப்புறம் மழைக்கு முன்னாடி மதகைத் தூக்கவும் மாட்டாங்க. நான் தப்புன்னா, என்னை விட்டுட்டு வேற ஒருத்தன் பாத்துச் சொல்லுவான். அவ்வளவுதானே."

"அவ்வளவுதான் இல்லப்பா. அவங்க உங்களைப் பேசுன பேச்சு..."

"என் பேச்சை அறுவது வருசமா யாரு கேட்டா? நாலு மாசந்தான் கேட்டாங்க." அவர் ஒரு கவளம் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருந்துச்சு."

காளியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் எதையும் எடுக்கிற சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலை கயல்விழி பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் குஞ்சிதபாதம் அவளுக்கே ஃபோன் செய்தார். வரைபடத்தை இனிமேல் தன் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். ஊருக்குத் தானே படித்துச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். கண் நன்றாகத் தெரிகிற ஒருவரிடம் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்றும் சொன்னார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு, முளைத்த பயிரை மாட்டுக்காவது அறுத்துப் போடலாம் என்று வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அனுப்பு என்று தலையை ஆட்டினார்.

அனுப்பினாள். வேறு என்ன செய்ய முடியும்? மழை யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை.

மாசியில் ஒருநாள் மதியம் வானம் கறுத்தது. தஞ்சாவூரில் கயல்விழி கணக்கை ஓட்டி வரைபடத்தை அனுப்பிவிட்டாள். பள்ளம் மஞ்சள், சம்பா போன வயலில் தெளித்த உளுந்துக்கு, தண்ணீர் வடிய வரப்பில் வாய்மடையை உடனே வெட்டிவிட வேண்டும். அரை மணி கழித்து அம்மாவுக்கு ஃபோன் செய்தாள்.

"அப்பா எங்கம்மா? உளுந்துக்கு வாய்மடை வெட்டச் சொல்லும்மா. அவருக்கும் படம் அனுப்பியிருக்கேன். பாத்தாரா?"

"அவரு ஃபோன்ல வர்றதை இப்பல்லாம் தொறக்கறதே இல்லடி. கேட்டா, நான் என்னத்தைப் பாக்கறதுங்குறாரு."

"அப்ப எங்கதான் போயிருக்காரு?"

"குஞ்சிதபாதம் ஐயா வீட்டுக்கு. ஒன் படம் என்ன சொல்லுதுன்னு கேக்கப் போயிருக்காரு. ஐயா தூங்கி எந்திரிக்கணுமாம். வாசல்ல நிக்கிறாரு."